இடது சீட்டின் எடை

ஏறுங்க அக்கா, பயப்படாமல் ஏறுங்க. லாரி நின்றதும் இரண்டு எட்டு பின்னால் போனீங்களே, உள்ளே நானும் பாப்பாவும் இருக்கிறதைப் பார்த்த பிறகுதானே உங்களுக்கு உயிர் வந்தது. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்குங்க, வலது காலை முதலில் வையுங்க. அவ்வளவுதான். பஸ் நின்றுபோனால் தர்மபுரி வெயிலில் எத்தனை நேரம் நிற்பது? நாங்கள் நாமக்கல் போகிறவர்கள். கொண்டலாம்பட்டியில் இறக்கிவிடுகிறோம், அங்கிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ பிடிச்சுக்கலாம்.

கையில் என்ன, கல்யாணத்துக்குக் கொடுக்கிறதா? சுவர்க் கடிகாரமா? அதை எதற்குக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டிருக்கீங்க, கீழே வையுங்க. இந்த வண்டியில் கண்ணாடி உடையாது. நம்பிக்கை இல்லையென்றால் முன்னால் பாருங்க, அந்த டம்ளர். காலையில் கிருஷ்ணகிரி டீக்கடையில் பிடித்த தண்ணீர், விளிம்புக்கு ஒரு விரல் கீழே. பின்னால் இருபத்தைந்து டன் மக்காச்சோளம், பன்னிரண்டு சக்கரம். ஒரு சொட்டு சிந்தியிருக்கிறதா? இல்லை அல்லவா. இப்போது ஒரு வேகத்தடை வருகிறது, டம்ளரையே பாருங்க. ம்ம்... வந்தது... போய்விட்டது. பார்த்தீங்களா?

இது என் வேலை அக்கா. என் யோசனை, மாசாமாசம் நான் கட்டின ஏலச்சீட்டு விழுந்த பணம், என் அலைச்சல். ஊரில் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லுவேன், அப்புறம்தான் சாப்பிட்டியா என்று கேட்பேன்.

லாரிக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையை வில் மாதிரி வளைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். குழியில் சக்கரம் இறங்கினால் அது டம் என்று தூக்கிப் போடும். டிரைவர் சீட் எங்கே இருக்கிறது? நேராக அதற்கு மேலே. அதனால் ரோட்டிலிருக்கிற குழியெல்லாம் ஒன்றுவிடாமல் டிரைவருடைய முதுகெலும்பில்தான் வந்து முட்டும். இப்போது அந்தப் பட்டையில் முக்கால்வாசியைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் பை வைத்திருக்கிறோம். சின்னக் குடம் அளவு இருக்கும். வண்டி ஓடும்போதே அதற்குக் காற்று போகும். வண்டி காற்றுமேல் உட்கார்ந்து போகிறது, அவ்வளவுதான் விஷயம். பின்னால் பை போட்ட லாரி நிறையப் பார்க்கலாம், அது சரக்குக்காகப் போடுவது. முன்னால் போட்ட லாரி எங்கள் பக்கத்தில் இது ஒன்றுதான். இது ஆளுக்காகப் போட்டது.

அந்த ஆள் இவர்தான். என் வீட்டுக்காரர், சென்னியப்பன் என்று பேர். வாயைத் திறக்க மாட்டார், கோபம் என்று நினைச்சுக்காதீங்க. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவது. நான் கோகிலவாணி. பின்னால் மெத்தையில் குதிக்கிறதே, அது தன்விகா. சாமி, அக்காவோட பொட்டியை மிதிக்காதே.

இவருக்கு இடுப்பு வலி அக்கா. எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நாளோடு ஞாபகம் இருக்கிறது. பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயசு. இவர் ஓட்டுகிறது லைன் வண்டி. இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே போகணும், வரும்போது தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு கோழிப்பண்ணைக்கு வரணும். ஒரு நடைக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தத் தடவை சரக்கு கிடைக்காமல் காத்துக்கிடந்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது. தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலில் வந்து நின்று, வா சாமி என்று கையை நீட்டினார். பாப்பா வீறிட்டாள் பாருங்க. ஓடிவந்து என் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறாள். பூச்சாண்டி வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்துவிட்டது. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்த் தாடியை எடுத்துவிட்டு வந்தார். அப்படியும் அவள் இவர் மடிக்குப் போக மூன்று நாள் ஆனது.

நாலாம் நாள் ஜவ்வரிசி ஏற்றிவிட்டார்கள், தார்ப்பாய் கட்டி முடித்தாயிற்று, கிளம்ப வேண்டியதுதான். அன்றைக்குத்தான் முதன்முதலாக இடுப்பில் கை வைத்தார்.

அதிலிருந்து பிடித்தது. லைனிலிருந்து வருகிற அன்றைக்கு ஆள் நன்றாக இருப்பார். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் நன்றாக இருப்பார். தார்ப்பாய் கட்டினால் போதும், வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் விடுகிறவளா? தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுவதால்தான் நரம்பு பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அடுத்த தடவை லோடுமேன் அண்ணன்மாரையே கட்டச் சொல்லிவிட்டேன். இவர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படியும் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றதற்கே வந்துவிட்டது அக்கா, அவ்வளவு மோசமான வலி.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க, ஒண்ணும் தெரியலையே என்றார் டாக்டர். மெஷினுக்கே பிடிபடாத இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை, அதாவது இவர் அம்மா, நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். ஒத்தடம் கொடுத்தோம். வலியோடு ஒரு நாள் இரண்டு நாள் கிளம்பாமல் இருந்துவிட்டுத்தான் போவார். அந்த இரண்டு நாளும் சும்மா படுப்பாரா? பாப்பாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றுவார், முருங்கைமரத்தைச் சுற்றுவார். இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று கத்துவேன். முதுகில் எடை இருந்தால் வலி தெரிவதில்லை கோகிலா என்றார். ஆளுக்கு ஆள் உடம்பு வேறுதானே.

இப்படியே ஒரு வருசம் போனது. மாமனாருக்குப் பொறுக்கவில்லை. உடம்புக்கு ஆகாத தொழில் எதற்கு, வண்டியை விற்றுவிட்டுக் கோழித் தீவனக் கடை வைக்கட்டும் என்று சங்ககிரியிலிருந்து வண்டி வாங்குகிற ஒரு ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சத்தம் கேட்டதும் இவர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தூசி என்றார். கொட்டகையில் ஏது தூசி, காலையில்தான் நான் கழுவி விட்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. நேராக வந்து, வண்டி விற்பதற்கில்லைங்க, காபி சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டேன். மாமனார் என்னை முறைத்தார். "இவனுக்கு வலி போக நீ என்ன வழி வச்சிருக்கற அம்மிணி?" என்றார். ஒரு மாசம் டைம் கொடுங்க மாமா என்றேன். வாயால் சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஒரு வழியும் இல்லை.

வழி பஸ்ஸில் கிடைத்தது. அம்மா வீட்டுக்குப் போக பேளுக்குறிச்சி ரோட்டில் ஏறினேன். புது பஸ். அந்த ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பத்தாவது வரைக்கும் அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் பாப்பா மடியில் தூங்குகிறாள், எழுந்திருக்கவே இல்லை. இறங்கும்போது டிரைவரிடம் கேட்டேன், ஏனுங்கண்ணா, ரோடு போட்டுட்டாங்களா என்று. ரோடு அதே ரோடுதாம்மா, வண்டிதான் காத்துல போகுது, முன்னாடியும் பை இருக்குது என்றார். அம்மா வீட்டுக்குள் காலே வைக்கவில்லை அக்கா, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து தூங்குகிற நாற்பது பேருக்குப் போடலாம், லாரியில் தூங்காமல் ஓட்டுகிற ஒருத்தருக்குப் போடக்கூடாதா?

இவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று ஓடிவந்து சொன்னேன். இவர் முகத்தைப் பார்க்கணுமே. அதெல்லாம் லாரிக்குச் சரிப்படாது என்றார். முன்னாடி மெத்தென்று இருந்தால் ஸ்டீயரிங் மிதக்கும் என்றார். நடுக்காட்டில் காற்று போய்விட்டால் என்ன செய்வது என்றார். கல்யாணமாகி அஞ்சு வருசத்தில் இவர் இத்தனை பேசி நான் பார்த்ததே இல்லை. பாவம், செலவு வைக்கக்கூடாது என்கிற நல்ல மனசு.

நான் விடுகிறவளா? நாமக்கல்லில் பஸ்ஸுக்குப் பை மாற்றுகிற ஸ்டீபன் அண்ணன் பட்டறைக்குப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வண்டி நம்பர் கேட்டார், எத்தனை டன் ஏற்றுவோம் என்று கேட்டார், முன் அச்சில் எவ்வளவு எடை விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். போடலாம் தங்கச்சி என்றார். ஸ்டீயரிங் மிதக்காமல் இருக்க முழுப் பட்டை ஒன்றை அப்படியே விட்டுவிடுவேன், அது அச்சை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பை ஓட்டையானாலும் உள்ளே ரப்பர் கட்டை இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து மெதுவாக வீடு வந்து சேரலாம். இவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்தேன். சாவியை எடுத்துக் கொடுத்தார். வண்டி பட்டறைக்குப் போனது. ஆறு நாள்.

பை போட்டு வந்த அன்றைக்குப் பூசை வைத்தோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, அத்தை கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். இவர் சாவியைத் திருகினார். நிற்கிற வண்டியில் காற்று இறங்கியிருக்கும் அல்லவா, இப்போது புஸ்ஸ் என்று ஒரு சத்தம், முன்பக்கம் அப்படியே மெதுவாக, படுத்திருந்த எருமை எழுந்திருக்கிற மாதிரி எழும்புகிறது. அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு, நம்ம குலசாமி அங்காயி ஆத்தா வண்டியில வந்துட்டா என்று கீழே விழுந்து கும்பிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து, ஆத்தா, பேத்திக்கு எப்பக் கல்யாணம் ஆகும் என்று வண்டியைப் பார்த்துக் கேட்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டுத்தான் நிற்க முடிந்தது.

அப்புறம் வெள்ளோட்டம். மாமனார் நம்பவில்லை. ஒரு சொம்பு நிறைய மோர் வாங்கிக்கொண்டு இதே சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அம்மிணி, வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி சங்ககிரிக்குத்தான் என்றார். நான் மெத்தையில் உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இவர் ஓட்டினார் பாருங்க ஒரு ஓட்டு. ரோடு அகலமாகத்தான் இருந்தது. நல்ல இடத்தை விட்டுவிட்டு, எங்கே குழி, எங்கே குழி என்று தேடித் தேடி இறக்கினார். ரோட்டைத் தாண்டி ஏரிக்கரை வண்டிப்பாதையிலும் கொண்டுபோய் விட்டார். நல்லபடியாகச் சோதித்துப் பார்க்கிறாராம். அவ்வளவு பொறுப்பு. திரும்பி வந்து நின்றதும் மாமனார் சொம்பைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். வண்டி தப்பித்தது. நான் கைதட்டினேன். இவர் மட்டும் இறங்கி வந்து பையைக் குனிந்து குனிந்து பார்த்தார். சந்தோஷம் வந்தால் இவருக்குப் பேச்சு வராது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இவர் லைனுக்குப் போனார். மறுநாள் போன் போட்டு இடுப்பு எப்படி என்றேன். இடுப்பு பரவாயில்லை, இப்போது கழுத்து என்றார். அடுத்த நடையில் தோள்பட்டை. அதற்கு அடுத்த நடையில் தார்ப்பாய் கட்டும்போதே முழங்கால். வலி ஊர் ஊராகப் போகிறது அக்கா, இவர் மாதிரியே லைன் ஓட்டுகிறது. மாமனார் மறுபடியும் சங்ககிரி ஆளுக்குப் போன் போடுகிற சத்தம் கேட்டது.

அழுகையே வந்துவிட்டது. ஸ்டீபன் அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். என்ன பை போட்டீங்க, இடுப்பில் இருந்த வலியைக் கிளப்பிவிட்டு உடம்பெல்லாம் சுற்றவிட்டுட்டீங்களே என்றேன். எப்போது வரும், எப்போது போகும் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன், பூச்சாண்டிக் கதையிலிருந்து உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். பிறகு சொன்னார். "தங்கச்சி, பையில ஒரு குத்தமும் இல்ல. அடுத்த நடை நீயும் பாப்பாவும் இடது சீட்டுல ஏறிப் போயிட்டு வாங்க. அப்பவும் வலிச்சா முழுப் பணத்தையும் திருப்பித் தர்றேன்."

எனக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. வலது பக்கம் இவர் உட்கார்கிறார், எழுபது கிலோ. இடது பக்கம் யார் இருக்கிறார்கள்? கிளீனர் வைத்துக்கொள்வதில்லை. சீட் காலி. இரும்புப் பட்டை இருந்தவரைக்கும் அது தெரியாது. காற்று அப்படியா? வலது பை அமுங்கும், இடது பை தூக்கும், வண்டி கண்ணுக்குத் தெரியாமல் சாய்ந்தே ஓடும், அந்தச் சாய்வுதான் கழுத்திலும் தோளிலும் ஏறியிருக்கிறது. நான் ஐம்பத்து மூன்று கிலோ, பாப்பா பதின்மூன்று, துணிப்பையும் அடுப்பும் சேர்த்தால் எழுபது. சரியாக வந்துவிட்டது பாருங்க. மாமனாரிடம் சொன்னேன். முப்பத்தைந்து டன் வண்டிக்கு எழுபது கிலோ ஒரு கணக்கா என்று ஆரம்பித்தார். அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னார்கள். வெளியே வந்தவர், ஆமாம் அம்மிணி, எடை முக்கியம், போயிட்டு வாங்க என்றார். சங்ககிரி ஆளையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இது மூன்றாவது நடை. வலி இல்லை அக்கா. இடுப்பு இல்லை, கழுத்து இல்லை, முழங்கால் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். தார்ப்பாய்கூட இவரே மேலே ஏறிக் கட்டுகிறார், விசில் அடித்துக்கொண்டு. நீங்கள் இருக்கிறீங்க என்றுதான் இன்றைக்கு ஊமையாக வருகிறார், இல்லையென்றால் பாட்டு பாடுவார். இவருக்குப் பாடத் தெரியும் என்றே எனக்கு இந்த வண்டியில்தான் தெரிந்தது. பாப்பாவுக்கு ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஹூப்ளி தாண்டி ஒரு வேப்பமரத்தடி, அங்கே நிறுத்தி நான் தக்காளி சாதம் செய்வேன், இவர் பாப்பாவைக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவார். வகிடு கோணலாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால் உடம்பும் மனசும் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்க.

தொப்பூர் கணவாய் வந்துவிட்டது. இங்கே மெதுவாகத்தான் இறங்குவோம்.

இதுதான் எனக்குக் கடைசி நடை. பாப்பாவுக்கு மூன்று வயசு முடிந்துவிட்டது, திங்கட்கிழமை அங்கன்வாடியில் சேர்க்கணும், டீச்சரிடம் சொல்லியாயிற்று. அப்புறம் எடைக்கு என்ன செய்வது என்றுதானே யோசிக்கிறீங்க? நான் அதை யோசிக்காமல் இருப்பேனா? பின்னாலிருந்து ஒரு மூட்டை மக்காச்சோளம், அறுபது கிலோ. மேலே பத்து கிலோ ஜவ்வரிசி. இரண்டையும் இந்தச் சீட்டில் உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் தீர்ந்தது. மூட்டைக்குச் சோறு போட வேண்டாம், அடிக்கடி நிறுத்தச் சொல்லிக் கேட்காது. எப்படி என் யோசனை?

ஏனுங்க. ஏனுங்க, என்ன ஆச்சு? எதுக்கு இடுப்புல கை வைக்கிறீங்க? மறுபடியுமா? பார்த்தீங்களா அக்கா, இத்தனை நாள் இல்லாமல் இப்போது வந்துவிட்டது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததில் இடது பக்கம் எடை கூடிப் போயிருக்கும். தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லவில்லை, கடிகாரமும் இருக்கிறது. இல்லையென்றால் பையில் காற்று குறைந்திருக்கும். கணவாய் இறங்கினதும் அந்த டீக்கடை ஓரமாக நிறுத்துங்க, நான் இறங்கிப் பார்க்கிறேன். கொஞ்சம் பாப்பாவைப் பிடிச்சுக்குங்க அக்கா. நீங்கள் இறங்க வேண்டாம், எடை அப்படியே இருக்கட்டும்.

வந்துவிட்டேன். இரண்டு பையும் கையால் அமுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி நிற்கிறது. ஒரு குறையும் இல்லை. ஆமாம், நான் கீழே இருக்கும்போது இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டிருந்தீங்க? என் தலை தெரிந்ததும் நிறுத்திட்டீங்களே. அக்கா, உங்கள் கண்ணென்ன கலங்கியிருக்கிறது? டீசல் புகையா? ஜன்னலை ஏற்றிவிடுங்க.

என்ன, மூட்டை சரிப்படாதா? நீங்களும் ஸ்டீபன் அண்ணன் மாதிரியே நாங்கள்தான் ஏறிப் போகணும் என்கிறீங்களே. எழுபது கிலோ எழுபது கிலோதானே? மூட்டை பேசாதா? பேச்சுக்கும் எடைக்கும் என்ன அக்கா சம்பந்தம்? ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்க.

"அங்கன்வாடிக்கு அடுத்த வருசம் அனுப்பலாம் கோகிலா. ரெண்டு பேரும் வாங்க. நீங்க இல்லாம என்னால ஓட்ட முடியல."

பார்த்தீங்களா அக்கா, ஓட்டுகிறவருக்கே தெரிகிறது. ஓட்ட முடியவில்லையாம், ஒரு பக்கமாக இழுக்கிறது போல. அதைத்தானே நான் அப்போதிருந்து சொல்கிறேன். சரி, டீச்சருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பை நன்றாகப் பழகுகிறவரைக்கும் ஒரு வருசம் நாங்களே வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

எதற்குச் சிரிக்கிறீங்க? இவரும் சிரிக்கிறார். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. இப்போ வலிக்குதா?

இல்லையாம்.